வாட்ஸ்அப் குழுவில் போட்டும் பெற்றோருக்குச் சேதி போய்ச் சேரவில்லை. என்ன செய்யலாம்?

இரண்டாம் வகுப்பு டீச்சர் (கேட்டவர்)

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூர் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 28 பிள்ளைகள். பெரும்பாலும் அப்பா அம்மா இருவருமே பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஏழு வீடுகளில் ஒடியா பேசுகிறார்கள்.

ஜூன் மாதமே வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினேன். 24 எண்கள் இருக்கின்றன, நான்கு வீடுகளில் பட்டன் போன்தான். தினமும் மாலை நாலரைக்கு அன்று என்ன நடத்தினேன், மறுநாள் என்ன கொண்டுவர வேண்டும் என்று எழுதுவேன், கூடவே நாலைந்து படங்களும் போடுவேன். பதில் என்று எதுவும் வராது. படிக்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பொங்கல் விழாவுக்கு ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவராத ஒரு பையன் பானை பொங்குகிற வரைக்கும் கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். கையில் அரிசி இல்லை என்பதுதான் காரணம் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனது பாரமாக இருக்கிறது.

போன வாரம் பிப்ரவரி 10, குடற்புழு நீக்க நாள். இரண்டு நாள் முன்னதாகவே விளக்கமாக எழுதினேன். அன்றைக்கு ஒன்பது பேர் வரவில்லை. மாத்திரை சாப்பிட்டால் வாந்தி வரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் மூன்று அம்மாக்கள் வந்து, "எங்ககிட்ட யாருமே சொல்லலையே டீச்சர்" என்றார்கள்.

அடுத்து 21ஆம் தேதி தாய்மொழி நாள். ஒடியா பேசும் அம்மாக்களையும் அழைத்து அவர்கள் மொழியில் ஒரு தாலாட்டு பாடவைக்க ஆசை. மார்ச்சில் ஆண்டு விழா. ஒவ்வொருவருக்கும் போன் செய்து பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது, பாதிப் பேர் எடுக்கவில்லை. தினமும் அப்படிச் செய்ய முடியாது. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பழைய கரும்பலகை (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

டீச்சர், புதிய வழி தேடுவதற்கு முன்னால் பழையது எங்கே அடைத்துக்கொண்டது என்று பாருங்கள். மாத்திரை பற்றி எழுதிய சேதியை அழுத்திப் பிடித்து 'தகவல்' என்பதைத் திறந்தால் யார் படித்தார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று தனித்தனியாகக் காட்டும். நீல டிக்கை அணைத்து வைத்தவர்கள் படித்ததும் குழுவில் தெரியும்.

அப்புறம் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்று எழுதுங்கள். எமிஸில் (கல்வித் துறையின் மாணவர் விவரப் பதிவில்) இருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். சேர்க்கை நாளில் பிள்ளையைக் கூட்டிவந்தவர் யாரோ அவருடைய எண் அது. மாமாவாக இருக்கும், வாடகை வீட்டின் உரிமையாளராகக்கூட இருக்கும். பிள்ளைகளிடமே கேளுங்கள், சரியாகச் சொல்வார்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சர்

சார், நீங்கள் சொன்னபடி இன்று மதியம் உட்கார்ந்து எழுதினேன். 24 எண்களில் 14 அப்பாக்களுடையவை. அம்மா கையில் இருப்பது ஐந்துதான். ஒன்று மாமாவுடையது, ஒன்று வீட்டு உரிமையாளருடையது. மூன்று எண்கள் இப்போது பயன்பாட்டில் இல்லை.

மாத்திரைச் சேதியைப் படித்தவர்கள் பத்துப் பேர், அதிலும் பெரும்பாலானவர்கள் இரவு பத்து மணிக்கு மேல். எட்டுப் பேருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, திறக்கவில்லை. ஆறு பேருக்குப் போகவே இல்லை. எட்டு மாதமாக நான் எழுதியதெல்லாம் பெரும்பாலும் அப்பாக்களின் சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. பிள்ளையைக் குளிப்பாட்டிப் பை எடுத்து வைக்கிற அம்மாவுக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

செக்கிங் அக்கா (இரண்டு பிள்ளைகளின் அம்மா)

டீச்சர், நானும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைதான் பார்க்கிறேன், அதனால் எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர இரவு எட்டரை. வேலை நேரத்தில் போன் பைக்குள்தான் இருக்கும். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குத் தகுந்த கூலிக்குத் தைக்கிறவர்கள் டீ நேரத்தில்கூடப் போனைத் தொட மாட்டார்கள். நீங்கள் நாலரைக்குப் போடுவதை நாங்கள் பார்க்கும்போது அதற்கு மேலே இருபது படமும் ஏழெட்டு 'குட் நைட்'டும் வந்திருக்கும். என் பெரியவனுடைய வகுப்புக் குழுவும் அப்படித்தான். மேலே தள்ளித் தேடுவதற்குள் கண் சொக்கிவிடும்.

இரவு ஒன்பது மணிக்கு உங்கள் குரலிலேயே அரை நிமிடம் பேசிப் போடுங்கள். சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டே கேட்டுவிடுவோம். அது ஒரே ஒரு விஷயமாக இருக்கட்டும், "நாளைக்கு ஒரு பிடி அரிசி" என்பதுபோல. ஐந்து விஷயம் சொன்னால் எதுவும் நிற்காது. என்ன பாடம் நடத்தினீர்கள் என்பதை ஞாயிற்றுக்கிழமை போடுங்கள், எங்களுக்கு ஆற அமர இருக்கிற நாள் அது ஒன்றுதான்.

அக்கறை இல்லாமல் நாங்கள் பதில் போடாமல் இருக்கவில்லை டீச்சர். என்ன எழுதுவது, தப்பாக எழுதிவிடுவோமோ என்று தயங்கி விட்டுவிடுவோம். கட்டை விரல் படம் போட்டால் போதும் என்று நீங்களே சொல்லிவிட்டால் எல்லோரும் போடுவோம்.

செல்போன் கடை, தாராபுரம்

அந்த மூன்று எண்களையும் இன்றைக்கே குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதங்களில் ரத்தாகி வேறொருவருக்குப் போகலாம். உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் படம் முன்பின் தெரியாத ஆளுக்குப் போகும்.

குழு அமைப்பில் அட்மின் மட்டும் அனுப்பலாம் என்று மாற்றுங்கள். 'குட் நைட்' எல்லாம் தானாக நின்றுவிடும். அப்போதும் கட்டை விரல் போட முடியும். முக்கியமான சேதியை மேலே பின் செய்து வையுங்கள். படங்களுக்குத் தனிக் குழு வைத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் நெட் பேக் தீர்ந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், ஆண்டு விழாத் தேதி போன்றதை அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் மட்டும் சொல்ல வேண்டாம்.

ஒரே சேதியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் லிஸ்ட் போடச் சொல்லி யாராவது சொல்வார்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அது போகும். பாதிப் பேர் சேமித்திருக்க மாட்டார்கள்.

பட்டன் போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தமிழில் ஒரு சேதிக்கு 70 எழுத்துக்குறிகள்தான். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். சில பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும். முதலில் ஒன்று அனுப்பி, பிள்ளையிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

மலையடிவாரம் (ஈராசிரியர் பள்ளி)

எங்கள் பள்ளியில் பாதி வீடுகளில் சிக்னலே கிடையாது, அதனால் நாங்கள் போனை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறோம். முதலில் பிள்ளைதான்.

உங்களுடையது இரண்டாம் வகுப்பு. எண்ணும் எழுத்தும் (சின்ன வகுப்புகளுக்கான அரசுத் திட்டம்) வகுப்பில் சின்னச் சின்ன வாக்கியம் எழுதிப் பழகுகிற வயது. மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் கால் பக்கத் தாள் கொடுத்து, சேதியை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். "நாளை அரிசி. ஒரு பிடி." பக்கத்தில் ஒரு கை, அதில் அரிசி என்று படமும் வரையட்டும். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் படம் புரியும், ஒடியா வீட்டுக்கும் புரியும். அச்சடித்த தாளைக் கொடுத்தால் பையின் அடியில் கிடக்கும். தான் எழுதியதை எந்தப் பிள்ளையும் வீட்டில் காட்டாமல் இருக்காது. மறுநாள் காலையில் "அம்மா என்ன சொன்னாங்க?" என்று ஒரு சுற்றுக் கேளுங்கள். பதில் வராத பிள்ளையின் வீட்டுக்கு மட்டும் போன் செய்தால் போதும், இரண்டு மூன்றுதான் இருக்கும்.

இன்னொருவரை மறந்துவிடாதீர்கள். 2022இல் தொடங்கி மறு ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் சுய உதவிக் குழு அக்காக்கள். அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் அம்மாக்களாகப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள். எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மாத்திரை போன்ற விஷயத்தில் நீங்கள் பத்து முறை எழுதுவதைவிட, "என் பிள்ளைக்கும்தான் போட்டாங்க, ஒண்ணும் ஆகலை" என்று அந்த அக்கா குழுக் கூட்டத்தில் சொன்னால் நம்புவார்கள். விடுபட்டவர்களுக்கு மறுபடி மாத்திரை கொடுக்கும் நாள் ஒன்று இருக்கும், அதற்கு முன்னால் சொல்லிவைக்கலாம்.

ஒரு அப்பா (மூன்றாம் வகுப்பு மகள்)

படங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மகள் விளையாட்டு நாளில் ஓடுகிற படத்தை வேறொருவர் தன் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். தப்பான எண்ணத்தில் வைக்கவில்லை, தன் பையனும் அதில் இருந்ததால்தான் வைத்தார். ஆனாலும் எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. குழுவில் போட்ட படம் அதற்கப்புறம் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்?

பழைய கரும்பலகை

நியாயமான கவலை சார். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமே 18 வயதுக்குள் இருப்பவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை. முகத்தைவிட, பிள்ளை செய்ததைப் படம் எடுங்கள் டீச்சர். களிமண் பொம்மை, கோலம், எழுதிய பக்கம். தாய்க்கு அதைப் பார்த்தாலே தன் பிள்ளையுடையது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், அதன் தலைவரும் ஒரு பெற்றோர்தான். கட்டிடம், கழிப்பறை என்று மட்டும் பேசாமல், அடுத்த மாதம் என்னென்ன நாள் வருகிறது என்று கூட்டத்தில் ஐந்து நிமிடம் வாசியுங்கள். ஆளுக்கு ஒரு தெரு எடுத்துக்கொள்வார்கள்.

லைன் வீட்டுக்காரர்

தண்டோரா போடச் சொல்லலாமே? எங்கள் காலத்தில் எல்லாச் சேதியும் அப்படித்தான் வந்தது.

மலையடிவாரம்

அது வேண்டாம் ஐயா. அந்த வேலையில் ஒரு சாதியாரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார்கள். 2022இல் தமிழக அரசே தண்டோராவை நிறுத்தச் சொன்னது. நல்ல விஷயம்தான் நடந்தது. ஒலிபெருக்கி போதும், லைன் வீட்டு முனையில் இருக்கும் மளிகைக் கடையில் ஒரு தாள் ஒட்டினாலும் போதும். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு எல்லோரும் அங்கேதான் வருவார்கள்.

இரண்டாம் வகுப்பு டீச்சர்

தாய்மொழி நாள் முடிந்தது. எல்லோரும் இவ்வளவு சொல்லியிருக்கிறீர்கள், நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சீட்டைப் பிள்ளைகளே எழுதினார்கள். இரண்டு பேர் 'அம்மா வா' என்று மட்டும் எழுதினார்கள், அதை அப்படியே விட்டுவிட்டேன். ஒடியா வீடுகளுக்கு எழுத்து எடுபடாது என்று ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஓர் அக்காவை அவள் மொழியிலேயே போனில் பேசவைத்து அனுப்பினேன். போனில் மொழிபெயர்த்து அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவளிடம் காட்டியபோது "இப்படி யாரும் பேச மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

28 வீடுகளில் 17 வீட்டிலிருந்து வந்தார்கள். ஒடியா அம்மாக்கள் நான்கு பேர். ஒருவர் பாட ஆரம்பித்ததும் மற்ற மூவரும் சேர்ந்துகொண்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்ற பையனின் அம்மாவும் அதில் ஒருவர். அவன் அன்றைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

இரவு ஒன்பது மணிக் குரல் சேதியை இப்போது 15 பேர் கேட்கிறார்கள். மாத்திரை விடுபட்ட ஒன்பது பேரில் ஏழு பேர் இரண்டாவது முறை போட்டுக்கொண்டார்கள், காலை உணவு அக்காவால்தான். மூன்று வீடுகள் மட்டும் இன்னும் எதற்கும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன்.

இப்போது ஆண்டு விழாவுக்கு ஒரு யோசனை வேண்டும். மதியம் மூன்று மணிக்கு என்று முடிவாகியிருக்கிறது, நேரத்தை மாற்ற முடியாது. அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்க எனக்கு மனது வரவில்லை.

செக்கிங் அக்கா

அரை நாள் வேண்டாம் டீச்சர். பத்து நாள் முன்னால் தேதியைச் சொல்லிவிடுங்கள், சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வோம். ஆனால் முந்தின நாளே என் பிள்ளை எத்தனை மணிக்கு மேடை ஏறுவாள் என்று சொல்ல வேண்டும். போன வருடம் என் பெரியவன் ஆட்டத்துக்கு மூன்று மணிக்கே வந்து உட்கார்ந்தேன். சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கவே நாலரை ஆகிவிட்டது. பர்மிஷன் முடிந்து நான் கேட்டைத் தாண்டும்போதுதான் அவனுடைய பாட்டு மைக்கில் கேட்டது.

இரண்டாம் வகுப்பு டீச்சர்

அக்கா, இரண்டாம் வகுப்பு ஆட்டத்தை மூன்றே காலுக்கு, பேச்சுகளுக்கு முன்னால் வைக்கும்படி தலைமையாசிரியரிடம் இன்று கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டார். மற்ற வகுப்புகளுக்கும் நேரம் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கு அந்த நேரத்தைத்தான் பிள்ளைகள் சீட்டில் எழுதப் போகிறார்கள்.