அம்பாசிடர் மார்க் 3: மலை ஏறுனா நிக்குது, எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டலாமா?

சேலம் அம்பாசிடர்:
எல்லாருக்கும் வணக்கம். அப்பா ஓட்டுன 77 மாடல் மார்க் 3 பெட்ரோல் வண்டி, 1489 சிசி. சமதரைல எவ்ளோ தூரம் வேணா போகுது, ஏற்காடு ஏறும்போது மட்டும் பத்து பன்னண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டுனதும் இழுவை குறைஞ்சு விக்கி விக்கி நின்னுடுது. பானட்ட தொறந்து வெச்சு அரை மணி நேரம் கழிச்சு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்புது. போன ஞாயித்துக்கிழமை அம்மா கூட இருந்தாங்க, வளைவுலயே நின்னு போச்சு, பின்னாடி பஸ்ஸு, ரொம்ப பயந்துட்டோம். ஒரு பழைய டாக்ஸி டிரைவர் அண்ணன் வந்து பம்ப் மேல ஈரத்துணி சுத்துனாரு, கொஞ்ச நேரத்துல கிளம்பிடுச்சு. மெக்கானிக் என்ன சொல்றாருன்னா இன்ஜின்ல இருக்குற பம்ப கழட்டிட்டு மாருதி 800 எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்‌ஷன்) வண்டி பம்ப் ஒண்ணு இருக்கு அத மாட்டிடலாம்ங்கறாரு. மாட்டலாமா? மாட்டுனா எங்க மாட்டணும்?

லேத் பட்டறை:
தம்பி தயவுசெஞ்சு அத மாட்டிடாதீங்க. இன்ஜெக்‌ஷன் வண்டி பம்ப் 40 பிஎஸ்ஐ பிரஷருக்கு மேல தள்ளும், உங்க கார்புரேட்டர்ல இருக்குற நீடில் வால்வு தாங்குறது மூணு, மிஞ்சிப் போனா நாலு பிஎஸ்ஐ. மிதவை பெட்ரோல நிறுத்த முடியாம நிரம்பி வழிஞ்சு சூடா இருக்குற மேனிஃபோல்ட் மேலயே ஊத்தும். வண்டி தீப்பிடிக்கறதுக்கு இத விட வேற காரணம் வேண்டாம்.

ஈரத்துணிக்கு கிளம்புதுன்னா அது வேப்பர் லாக் தான், அதாவது சூட்டுல பெட்ரோல் ஆவியாகி வழிய அடைக்குது, பம்ப் செத்துப் போகல. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல ஒரு பேக்கலைட் துண்டு இருக்கணும், சூடு ஏறாம தடுக்கறதுக்கு, நெறைய வண்டில யாராவது கழட்டிட்டு வெறும் பேக்கிங் மட்டும் போட்டிருப்பாங்க. அத பாருங்க. பழைய தடிமன்லயே போடணும், தடிமன் கூடுனா லீவர் கேம்ஷாஃப்ட்ட சரியா தொடாது, பம்ப் அடிக்கற அளவு குறைஞ்சிடும். அப்புறம் வண்டி நின்ன உடனே டேங்க் மூடிய தொறங்க, புஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சுன்னா காத்து ஓட்டை அடைச்சிருக்கு. டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க, பெட்ரோல் வாசம் வந்தா பம்புக்குள்ள இருக்குற ரப்பர் சவ்வு, டயாபிரம், கிழிஞ்சு பெட்ரோல் ஆயில்ல இறங்குது, அன்னைக்கே வண்டிய நிறுத்திடுங்க.

கோவை பத்மினி:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனா நான் எலக்ட்ரிக் பக்கம் தான். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலந்திருக்கு, E20 (இருபது சதவீதம் எத்தனால்) வந்தப்புறம் பழைய ரப்பர் டயாபிரமும் ஓஸும் சீக்கிரம் ஊறிப் போகுது. இன்னொன்னு, இன்ஜின்ல இருக்குற பம்ப் டேங்க்ல இருந்து அவ்ளோ தூரம் உறிஞ்சணும், உறிஞ்சற பைப்புல பிரஷர் குறையும், பிரஷர் குறைஞ்சா பெட்ரோல் கம்மி சூட்டுலயே ஆவியாகும். டேங்க் பக்கத்துல இருந்து தள்ளுனா அந்த பிரச்சனை ரொம்ப குறைஞ்சிடும்.

வாங்கும்போது பெட்டில 2ல இருந்து 4 பிஎஸ்ஐக்குள்ள போட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. எவ்ளோ தள்ளுதுன்னு பெருசா அலட்டிக்க வேண்டாம், மலைல 30 கிமீ வேகத்துல லிட்டருக்கு 5 கிமீ குடுத்தாலும் மணிக்கு 6 லிட்டர், அதாவது நிமிஷத்துக்கு 100 மில்லி தான். மாட்டற எடம் தான் முக்கியம்: டேங்க் அடிமட்டத்துக்கு சமமா இல்லன்னா அதுக்கும் கீழ, சைலன்சர் பைப் போற பக்கம் கூடவே கூடாது, கல்லும் தண்ணியும் அடிக்காத எடம். ரப்பர் புஷ் போட்டு மாட்டுங்க, இல்லன்னா டக்டக்னு சத்தம் பாடி முழுக்க கேக்கும். பம்புக்கு முன்னாடி ஒரு ஃபில்டர், ஏன்னா டேங்க் துரு நேரா வால்வுல போய் உக்காரும். ஓஸ் R9னு அச்சடிச்சதா கேட்டு வாங்குங்க, எத்தனாலுக்கு தாங்கும். பழைய பம்ப் ஓட்டைக்கு பேக்கிங் வெச்சு தகடு போட்டு மூடிடணும், இல்லன்னா ஆயில் அடிச்சு ஊத்தும்.

எலக்ட்ரீஷியன்:
ஒண்ணு விட்டுட்டீங்க. பழைய பம்ப் இன்ஜின் நின்னா தானா நின்னுடும். எலக்ட்ரிக் பம்ப் அப்படி இல்ல, வண்டி எங்கயாவது மோதி பைப் அறுந்தாலும் சாவி ஆன்ல இருக்குற வரைக்கும் பெட்ரோல ஊத்திக்கிட்டே இருக்கும். அதனால ரிலே, ஃபியூஸ், கூடவே மோதுனா கட் ஆகுற இனர்ஷியா ஸ்விட்ச் இல்லாம மாட்டவே மாட்டேன்னு நான் சொல்லிடுவேன், கஸ்டமர் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியா கரண்ட் குடுத்தாலும் நல்லது, இன்ஜின் நின்னா ஆயில் பிரஷர் போகும், பம்பும் நிக்கும். நாப்பது அம்பது வருஷ வயர்ல நேரா இழுக்காதீங்க, தனி வயர் போடுங்க. ரொம்ப பழைய வண்டின்னா பாசிட்டிவ் எர்த்தான்னும் (பேட்டரியோட பிளஸ் பக்கம் பாடில கனெக்ட் ஆயிருக்கான்னு) பாத்துக்கோங்க, மாத்திக் குடுத்தா எலக்ட்ரானிக் பம்ப் போயிடும்.

சேலம் அம்பாசிடர்:
ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு பம்ப கழட்டி பாத்தேன், பேக்கலைட் துண்டே இல்ல, வெறும் பேக்கிங் தான் இருந்துச்சு. டேங்க் பக்கத்து ஓஸ் மடக்குனா விரிசல் தெரியுது, அது வழியாவும் காத்து இழுத்திருக்கும்னு நெனைக்கறேன். டிப்ஸ்டிக்ல வாசம் இல்ல. இப்போதைக்கு அப்பா வெச்சிருந்த பம்பயே புது டயாபிரம் கிட் போட்டு, துண்டும் வெச்சு, ஓஸ் எல்லாம் மாத்தி மாட்டறேன். எம்பிஎஃப்ஐ பம்ப் வேண்டாம்னு மெக்கானிக்கிட்ட சொல்லிட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை அம்மா இல்லாம நான் மட்டும் ஏறிப் பாக்கறேன், மறுபடி நின்னுச்சுன்னா கோவை அண்ணன் சொன்ன மாதிரி டேங்க் பக்கத்துல எலக்ட்ரிக் தான், ஸ்விட்சோட.

லேத் பட்டறை:
நல்லது தம்பி. கிட் போட்டதும் கார்புரேட்டர் பக்கம் ஓஸ கழட்டி ஒரு பாட்டில்ல விட்டு, காயில் வயர எடுத்துட்டு செல்ஃப் அடிச்சு பாருங்க, பெட்ரோல் விட்டு விட்டு நல்லா பீய்ச்சணும், குமிழி வந்தா இன்னும் எங்கயோ காத்து இழுக்குது. இன்ஜின் ஆறுனப்புறம் பண்ணுங்க.