காப்புச் சேர்க்கை: ராட்சதப் பரங்கிக் கட்டுரைக்கு ஒரு சொல்

வணக்கம்.

ராட்சதப் பரங்கி வளர்ப்பவர்கள் பூவைத் தேனீ தொடாமல் கட்டிவைத்து, தாங்கள் தேர்ந்த கொடியின் மகரந்தத்தைக் கையால் சேர்க்கிறார்களே, அந்த வேலைக்குக் கட்டுரையில் போட ஒரு தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். நம் மடல் இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> செயற்கை மகரந்தச் சேர்க்கை

பழகிய சொல்தான். ஆனால் வீட்டுத் தோட்டத்தில் பிஞ்சு வெம்பி விழுகிறதே என்று ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுகிறோமே, அதையும் இப்படித்தான் சொல்கிறோம். அங்கே காய் பிடித்தால் போதும். எந்தக் கொடியின் பூ என்று யாரும் கேட்பதில்லை. ராட்சதப் பரங்கிக்காரர்களுக்கு அதுதான் முதல் கேள்வி. அடுத்த வருடம் அந்த விதையைக் கையில் எடுக்கும்போது அதற்குத் தாய் யார், தகப்பன் யார் என்று சொல்ல முடியவேண்டும்.

> பெருங்காய்ச் சேர்க்கை

இது வேண்டாம், தப்பான எண்ணத்தை விதைத்துவிடும். ஆயிரம் கிலோ காய்த்த கொடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்து தடவினால் இந்த வருடக் காய் பெருத்துவிடாது. காயின் தோலும் சதையும் தாய்க்கொடியின் திசு. தகப்பன் பங்கு விதைக்குள் இருக்கும் கருவோடு சரி. அது தெரிய அந்த விதையை ஊன்றி, அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

> தெரிவுச் சேர்க்கை

நெருங்கி வருகிறது. ஆனாலும் தெரிவு என்பது எந்த விதையை ஊன்றுவது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்கிற வேலை. நாம் பெயர் தேடுவது பூவில் நடக்கிற வேலைக்கு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கட்டுரையின் பாதியில் குழப்பம் வரும்.

சரி, பூவில் என்னதான் நடக்கிறது? பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் விரியப்போகிற மொட்டு முந்தின சாயங்காலமே நுனியில் மஞ்சள் காட்டிவிடும். அப்போதே பெண் மொட்டின் வாயை நூலால் கட்டிவிடுகிறார்கள், அல்லது மெல்லிய துணிப்பை மாட்டுகிறார்கள். தகப்பனாக வைத்திருக்கும் கொடியின் ஆண் மொட்டுக்கும் அதே கட்டு. விடிந்ததும் தேனீ வரும் முன்னே ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழ்களைக் கிழித்துப் போட்டால் நடுத்தண்டு மட்டும் மகரந்தத்தோடு தூரிகை மாதிரி நிற்கும். பெண் பூவைப் பிரித்து, சூல்முடியின் நாலைந்து மடல்களிலும் அதைத் தடவி, மறுபடி கட்டிவிட்டால் வேலை முடிந்தது. வெயில் ஏறும் முன் முடித்தாகவேண்டும். சூடு அதிகமானால் பிஞ்சு நிற்காது. சிலர் பூவைச் சுற்றி ஐஸ்கட்டி வைத்துக் காப்பாற்றுவதும் உண்டு. பிஞ்சு நின்றுவிட்டால் கொடிக்கு ஒரே காய், மற்றதெல்லாம் கிள்ளி எறியப்படும்.

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் வின்ட்சர் என்ற ஊரின் விவசாயி ஹோவர்ட் டில், பல வருடங்கள் இப்படிக் கலந்து கலந்து எடுத்ததுதான் ‘அட்லாண்டிக் ஜயன்ட்’ ரகம். 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில் எடைபோட்ட 403 பவுண்டுக் காயை 1976 வரை யாரும் மிஞ்சவில்லை. டில் 1981இல் 493.5 பவுண்டு காட்டினார், ஏறக்குறைய 224 கிலோ. 2014இல் சுவிட்சர்லாந்தின் பெனி மையர் 1054 கிலோவுக்குப் போனார். 2025இல் இங்கிலாந்தின் பேட்டன் சகோதரர்கள் 1278.8 கிலோ. இன்றைய ராட்சதக் காய்களின் வம்சத்தைத் துருவினால் பெரும்பாலும் டில்லின் விதையில்தான் போய் முட்டும். அப்படித் துருவ முடிவதே பூவைக் கட்டிய புண்ணியத்தால்தான். விதைக்குப் பெயர் வைப்பதும் அதற்கேற்ற மாதிரி: காயின் எடை, வளர்த்தவர் பெயர், வருடம். பக்கத்தில் தாய் முதலில், பெருக்கல் குறி, பிறகு தகப்பன்.

ஆக, கைக்கு இங்கே இரண்டாம் இடம்தான். தேனீயை உள்ளே விடாத கட்டுதான் முக்கியம். முதலில் ‘பூக்கட்டுச் சேர்க்கை’ என்று யோசித்தேன். கோயில் வாசலில் பூக்கட்டுபவர்கள் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன். என் பரிந்துரை காப்புச் சேர்க்கை. திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பார்களே, அந்தக் கட்டுப்பாடும் இதில் இருக்கிறது, நூலும் இருக்கிறது, காவலும் இருக்கிறது. தேனீ தன்போக்கில் செய்வது காப்பில்லாச் சேர்க்கை. ஆங்கிலத்தில் இதை open pollination என்கிறார்களே என்று ‘திறந்த’ என்று போட்டால் எது திறந்தது என்று கேள்வி வரும்.

இன்னொரு சிக்கல். ‘தன் மகரந்தச் சேர்க்கை’ என்றதும் பலருக்கு நினைவில் வருவது ஒரே பூவுக்குள் நடப்பது. பரங்கியில் அதற்கு வழியே கிடையாது. இவர்கள் செய்வது ஒரே கொடியின் ஆண் பூவையும் பெண் பூவையும் சேர்ப்பது. அதைத் தன்கொடிச் சேர்க்கை என்று பிரித்துச் சொல்லலாம். ஒரே காயின் விதையில் முளைத்த இரண்டு கொடிகளைச் சேர்த்தால் உடன்கொடிச் சேர்க்கை. உடன்பிறப்பு இருக்கும்போது உடன்கொடி கூடாதா என்ன?

காய்ப்பெயர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பரங்கி என்றே இருக்கட்டும். கொங்குப் பக்கம் அரசாணி என்பார்கள், இலங்கையில் பூசணி. தாவரவியல் பெயரில் சொன்னால் நம் ஊர்ப் பரங்கி பெரும்பாலும் மொஸ்காட்டா (Cucurbita moschata) இனம், ராட்சதப் பரங்கி மாக்சிமா (Cucurbita maxima) இனம். கட்டுரையில் ஓரிடத்தில் இதைச் சொல்லிவிட்டால் போதும்.

அன்புடன்.

*

ஐயா, வணக்கம்.

தன்கொடி, உடன்கொடி இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். காப்பு விஷயத்தில்தான் தயக்கம். காப்புரிமை, காப்பீடு என்று ஏற்கெனவே அந்தச் சொல்லின் தலையில் நிறைய சுமை. விதை பற்றிய கட்டுரையில் ‘காப்பு’ என்று பார்த்ததும் வாசகர் விதைக் காப்புரிமைக்குப் போய்விடமாட்டாரா? அதோடு, வீரிய ஒட்டுப் பருத்தி விதை எடுக்கும் இடத்திலும் இந்தச் சொல் செல்லுமா? அங்கே ஒரே பூவில் ஆணும் பெண்ணும் இருப்பதால் முதலில் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தாக வேண்டுமே.

*

செல்லும் அம்மா. கிள்ளி எடுப்பது ஆண்மை நீக்கம், அது தனிப் படி. பரங்கியில் அதற்குத் தேவையில்லை, பருத்தியில் தேவை. அதன்பிறகு பருத்தியிலும் பூவை மூடிக் காப்பதுதான் நடக்கிறது. காப்புரிமைக் குழப்பம் பற்றி: ‘சேர்க்கை’ பின்னால் ஒட்டியிருக்கும்வரை பயமில்லை என்று நினைக்கிறேன். தனியாகக் ‘காப்பு’ என்று சுருக்காதீர்கள். முதல் தடவை வருமிடத்தில் ‘தேனீ தொடாமல் பூவைக் கட்டிச் செய்யும் காப்புச் சேர்க்கை’ என்று நீட்டி எழுதிவிடுங்கள், அடுத்த பத்தியிலிருந்து சொல் தானே ஓடும். வேறு யாருக்காவது மறுப்பு இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள்.