பனி பெய்யாத ஊரில் ஒரு மந்திரப் பள்ளி: எழுதியவர்கள், எழுதவைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கும்பகோணம் பக்கம் ஒரு கிராம நூலகத்தில் சனிக்கிழமை மதியம் பிள்ளைகளுக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆசிரியர் எல்லாம் இல்லை, தையல் கடை வைத்திருக்கிறேன், கதைப் பைத்தியம், அவ்வளவுதான். வருவது எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கிற பிள்ளைகள். போன மே மாதம், மந்திரம் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் நடக்கிற மாதிரி நான்கு பக்கத்துக்குள் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றேன். பதினொரு கதை வந்தது. ஒன்பதில் பனி கொட்டியது. வெளியே கத்திரி வெயில், தலைக்கு மேல் மின்விசிறி அனலைக் கிண்டிக்கொண்டிருக்கிறது, ஒருவன் எழுந்து நின்று கணப்படுப்பின் அருகே குளிர்காய்ந்தபடி நாயகன் மந்திரக்கோலைத் துடைத்தான் என்று வாசிக்கிறான். கணப்படுப்பு எப்படி இருக்கும் தம்பி என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பு மாதிரிதான் அக்கா, ஆனா அதுல சமைக்க மாட்டாங்க” என்றான்.

சரி, நம் ஊரில் வைத்து எழுதுங்கள் என்று அடுத்த வாரம் சொன்னேன். அதுவும் தேறவில்லை. கோட்டை போய்ப் பெரிய கோயில் வந்தது, கோபுரத்துக்கு அடியில் சுரங்கம் வந்தது, நிழல் தரையில் விழாத ரகசியம் ஐந்து கதையில் வந்தது. (விழும். சாயங்காலம் போய் நின்று பாருங்கள், நான் அந்த நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றிருக்கிறேன்.) திரைச்சீலைதான் மாறியிருந்தது, உள்ளே நடந்ததெல்லாம் பழைய நாடகம்தான், அதே கோல், அதே கெட்ட வாத்தியார், கடைசியில் அதே வெளிச்சப் பிழம்பு.

மூன்றாவது வாரம் ஒன்பதாவது படிக்கிற ஒரு பெண் நோட்டை நீட்டினாள். அவளுடைய தாத்தா அவர்கள் ஊர் வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறவர். பள்ளிக்கூடத்தைக் கல்லணையின் மதகுக்கு அடியில் வைத்திருந்தாள். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிகிற இடம் அது, அதனால் நான்கு விடுதி. முதல் வருடம் ஒரே ஒரு மந்திரம்தான் பாடம், தண்ணீரைத் திருப்புகிற மந்திரம். மேட்டூரில் ஜூன் 12 திறக்கிற தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும் இல்லையா, அதுதான் தேர்வுக்குப் படிக்க விடுகிற லீவு. படித்ததும் சிரித்துவிட்டேன்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நாயகியின் அப்பா வயல் கடைமடையில் இருக்கிறது, மூன்று போகம் காய்ந்த வயல். தேர்வில் அவள் யாருக்கும் தெரியாமல் தண்ணீரை அந்தப் பக்கம் திருப்பிவிடுகிறாள். மந்திரம் சொன்னதும் நாக்கில் சேறு கரித்தது என்று ஒரு வரி. அன்றைக்கு ராத்திரி விடுதியில் பந்தி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தோழியின் இலைக்குக் கரண்டி வருகிறது, சோறு கவிழ்கிறது, ஆனால் இலையில் எதுவும் விழவில்லை. பரிமாறுகிறவர் மறுபடி அள்ளிக் கவிழ்க்கிறார். இலை அப்படியே பச்சையாக இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் இன்னொரு பக்கம் குறையும், யாருக்குக் குறையும் என்பது திருப்புகிறவர் கையில் இல்லை என்பதுதான் அந்தப் பள்ளியின் விதி. இதை எந்த வாத்தியாரும் வகுப்பெடுத்து விளக்கவில்லை, அந்த இலையைக் காட்டியதோடு விட்டுவிட்டாள்.

சேறு கரிக்கும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்றேன். “மடையை வெட்டும்போது மூஞ்சில தெறிக்கும்ல அக்கா” என்றாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற முகத்தோடு.

முடிவில்தான் தகராறு. தலைமை ஆசிரியர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிற மாதிரி முதலில் எழுதியிருந்தாள். பெரியவர் வந்து தீர்த்துவைத்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டேன், முறைத்துக்கொண்டு போனாள். அடுத்த சனிக்கிழமை, மந்திரத்தால் திறந்த மடையை மந்திரத்தால் மூட முடியாது என்று தானே ஒரு விதியைப் போட்டு, நாயகியை ராத்திரி இரண்டு மணிக்கு மண்வெட்டியோடு வெளியே அனுப்பிவிட்டாள். மடையை மூடினாளா என்று கதையில் இல்லை. இங்கே யாருக்காவது இப்படி நடந்திருந்தால் சொல்லுங்கள்.

மன்னார்குடியிலிருந்து:

அக்கா, என் கதை எப்படிச் சொதப்பியது என்று சொல்கிறேன். கல்லூரியில் கையெழுத்துப் பத்திரிகைக்கு எழுதியது. அணிமா, மகிமா, இலகிமா என்று அட்டமா சித்திகள் எட்டு இருக்கிறதே, எட்டு வருடப் படிப்பு, வருடத்துக்கு ஒரு சித்தி என்று பாடத்திட்டம் போட்டேன். திட்டம் பிரமாதம், கதைதான் இல்லை. ஆறு பக்கத்தில் நான்கு பக்கம் கால அட்டவணை. நாவல் என்றால் ஒரு முழு வருடத்தை ஓட்டலாம், சிறுகதைக்கு ஒரு நாள் போதும், அந்த நாளில் ஒரு தப்பு போதும் என்று அப்போது தெரியாது.

பிறகு எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு கூடுவிட்டுக் கூடு பாய்வதை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது நம் பக்கத்துக் கதைதானே. சாத்தனூரில் மூலன் என்கிற இடையன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன, பொறுக்க முடியாமல் யோகியார் அவன் உடம்புக்குள் போய் மாடுகளை ஊருக்கு ஓட்டிக்கொண்டு விடுகிறார், திரும்பி வந்தால் தன் உடம்பைக் காணோம். அவர்தான் திருமூலர், திருவாவடுதுறை அரசமரத்தடியில் உட்கார்ந்து ஆண்டுக்கு ஒன்றாக மூவாயிரம் பாட்டு பாடினார் என்பார்கள். சின்ன வயதில் பாட்டி சொல்லும்போது அந்த ‘உடம்பைக் காணோம்’ என்கிற இடத்தில் வயிற்றைக் கலக்கும். என் கதையில் மாணவன் பயிற்சிக்காக ஒரு மாட்டுக்குள் போகிறான், மயங்கி விழுந்துவிட்டான் என்று நினைத்து விடுதிக் காப்பாளர் அவன் உடம்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறார்.

சித்தி மகன், பதினைந்து வயது, படித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான். மாட்டுக்குள்ளே போனவனுக்கு ஈ மொய்த்தால் எப்படி இருக்கும்? நான் அதை யோசிக்கவே இல்லை. போய்த் தொழுவத்தில் ஒரு மணி நேரம் நின்றேன். ஈ உட்கார்ந்ததும் மாடு காலை, வாலை எல்லாம் உடனே அசைப்பதில்லை, உட்கார்ந்த இடத்துத் தோல் மட்டும் சிலிர்க்கிறது, குளத்தில் கல் போட்ட மாதிரி. மனுசனுக்கு அந்த வித்தை கிடையாது. மாணவன் திரும்பித் தன் உடம்புக்குள் வந்த பிறகும் தோளில் ஈ உட்காரும்போது தோலைச் சிலிர்க்கப் பார்க்கிறான், வரவில்லை. கதை அங்கே முடிந்தது. அதற்குப் பிறகுதான் நான்கு பேர் படித்தார்கள்.

திருவையாற்றிலிருந்து:

பனி பெய்தால் என்ன தப்பு? என் மகளுக்குப் பதின்மூன்று வயது, இதுவரை பார்க்காததை எழுதத்தான் அவளுக்கு ஆசை. வாய்க்காலை தினமும் பார்க்கிறாளே, கதையிலுமா?

நாகப்பட்டினத்திலிருந்து:

என் அனுபவம் கொஞ்சம் வேறு. கடலையும் காற்றையும் அடக்கக் கற்றுத்தரும் பள்ளி, கோடியக்கரைக் காட்டுக்குள், வெளிமானும் மட்டக்குதிரையும் காவல். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு வாசித்துக்காட்டினேன், முடித்ததும் கை தட்டினார்கள். பின்வரிசையில் வேதாரண்யம் பக்கத்துப் பையன் ஒருவன் தட்டவில்லை. என்னப்பா என்றேன். “கஜா அடிச்சப்ப இந்த ஸ்கூல் என்ன சார் பண்ணுச்சு?” என்றான்.

கஜா புயல் அடித்தது 2018 நவம்பர் 16, அவனுக்கு அப்போது ஏழெட்டு வயது இருக்கும். அவர்கள் தோப்பில் ஒரு தென்னை மிச்சமில்லை என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். நான் ஏதோ மழுப்பினேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை. பெயர் தெரியாத தீவில் பள்ளி வைத்தால் யாரும் இப்படிக் கேட்க மாட்டார்கள், கோடியக்கரையில் வைத்தால் கேட்கத்தான் செய்வார்கள். இரண்டு மாதம் கழித்துத் திருத்தி எழுதினேன். அன்று ராத்திரி ஆசிரியர்கள் தங்கள் கூரையை மட்டும் காப்பாற்றிக்கொண்டார்கள், அது மாணவர்களுக்குப் பின்னால் தெரியவருகிறது. இப்போது அது மந்திரக் கதையாக இல்லை, வாத்தியார்களோடு பேச மறுக்கிற பிள்ளைகளின் கதையாக இருக்கிறது. அந்தப் பையனுக்கு இன்னும் காட்டவில்லை, தயக்கமாக இருக்கிறது.

மறுபடியும் கும்பகோணத்திலிருந்து:

திருவையாற்றுக்காரருக்கு: உங்கள் மகள் தாராளமாகப் பனி பெய்யவைக்கட்டும். எனக்குப் பனியோடு சண்டை இல்லை. அதைப் பார்த்ததும் அவள் நாயகி என்ன செய்வாள் என்று மட்டும் கேளுங்கள், வாயைத் திறந்து நக்கிப் பார்ப்பாள் என்று சொன்னால் கதை பிழைத்துவிடும்.

நாகை அண்ணன் எழுதியதை எங்கள் பெண்ணிடம் காட்டினேன். அவளிடமும் அதே மாதிரி கேட்டேன், 2012லிருந்து 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவே இல்லையே, உன் பள்ளி அப்போது என்ன செய்தது? உடனே பதில் சொல்லவில்லை. தாத்தாவிடம் கேட்டுவிட்டு வந்தாள் போல. அந்த எட்டு வருடமும் முதலாம் ஆண்டுச் சேர்க்கை கிடையாதாம். 2020இல்தான் மறுபடி சேர்த்தார்களாம், அதில் வந்தவள்தான் நாயகி. அதனால் விடுதியில் அவளுக்கு மூத்தவர்கள் என்று இருப்பவர்கள் மீசை முளைத்து வேலைக்குப் போகிற வயதில் இருக்கிறார்கள், நடுவில் யாருமே இல்லை, எட்டு வரிசைக் கட்டில் பாய் விரிக்காமல் கிடக்கிறது. அந்தக் கட்டில்களில் ஒன்றில் ராத்திரி யாரோ புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது என்பதுவரை எழுதியிருக்கிறாள். மீதியைச் சனிக்கிழமை கொண்டுவருகிறேன் என்றிருக்கிறாள்.