குடுக்குது, குடிக்குது: மைலேஜுக்கு ஒரு கலைச்சொல்

பொருள்: புது வண்டியின் மைலேஜ், தமிழில்?
லெனேசியாவிலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்குப் 'புது வண்டி வாங்குவது' என்று ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஷோரூமில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதில் 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருக்கிறதே, அதற்குத் தமிழில் என்ன சொல்வது? தேடியதில் எரிபொருள் சிக்கனம், எரிபொருள் திறன், எரிபொருள் நுகர்வு என்று மூன்று கிடைத்தன. மூன்றும் ஒன்றுதானா? வகுப்புக்கு வருகிறவர்கள் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள். நீளமான சொல்லைப் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

மறு: புது வண்டியின் மைலேஜ், தமிழில்?
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

தங்கச்சி, 'எரிபொருள் சிக்கனம்' போதும். என்னிடம் இருப்பது ஒரு பழைய பாக்கி. (பிக்கப் வண்டியைச் சொல்கிறேன், இங்கே அதற்குப் பாக்கி என்று பெயர். கடன் பாக்கியும் இருக்கிறது, அது வேறு கதை.) அதற்குச் சிக்கனம் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்காகச் சொல்லைக் குறை சொல்ல முடியுமா?

மறு: மறு: புது வண்டியின் மைலேஜ், தமிழில்?
டர்பனிலிருந்து

> மூன்றும் ஒன்றுதானா?

இல்லை அக்கா. ஒன்றல்ல என்பதை நான் செலவு செய்து தெரிந்துகொண்டேன்.

போன ஆண்டு சிறிய வண்டி ஒன்று புதிதாக வாங்கினேன், 1.2 லிட்டர் எஞ்சின். சீட்டில் 5.6 என்று போட்டிருந்தது. முதல் மாதம் வண்டித் திரையில் தெரிந்த எண்ணை நம்பினேன். அப்புறம் சந்தேகம் வந்து கைக்கணக்கே போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் பங்கில் டாங்க் நிறைய ஊற்றச் சொல்லி, நாசில் முதல் தடவை 'டக்' என்று நின்றதும் போதும் என்றேன். ஊற்றிய தம்பி சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டு லிட்டர் போகும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு டிரிப் மீட்டரைப் பூச்சியமாக்கினேன். ஒரு வாரம் கழித்து அதே பங்க், அதே குழாய், அதே 'டக்'. ஓடியது 482 கிலோமீட்டர், பிடித்தது 36.2 லிட்டர். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 7.5.

அன்று ராத்திரி திருச்சியிலிருந்து மச்சான் போன் பண்ணினார். "புது வண்டி எவ்வளவு குடுக்குது?" என்று கேட்டார். நானும் யோசிக்காமல் "ஏழரை" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாப்ளே, லாரி வாங்கிட்டீங்களா? ஏழரைன்னா சனி புடிச்ச வண்டி, வித்துத் தொலைச்சுடுங்க" என்றார்.

அவர் கேட்டது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். நான் சொன்னது நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர். அவர் கணக்கில் என் வண்டி 13.3 கொடுக்கிறது. அது பிரமாதமில்லை, ஆனால் சனியும் இல்லை. ஊரில் எல்லோரும் கேட்பது வண்டி எவ்வளவு 'குடுக்குது' என்று. இங்கே நாம் படிப்பது எவ்வளவு 'குடிக்குது' என்று. எழுத்தில் வேறுபாடு ஒரே ஓர் உயிர்மெய். ஒன்று ஏறினால் நல்லது, மற்றது இறங்கினால் நல்லது. இந்தத் திசையைக் காட்டாத எந்தச் சொல்லும் நமக்கு உதவாது என்பது என் கட்சி.

அந்த மூன்று சொல்லையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். சிக்கனம் ஒரு குணம். 'சிக்கனம் 7.5' என்றால் நல்லதா கெட்டதா? திறன் கூடினால்தான் நல்லது, ஆனால் சீட்டில் உள்ள எண்ணோ கூடினால் கெட்டது. நுகர்வு என்பதில் திசை சரியாக இருக்கிறது. ஆனால் நுகர்தல் என்றாலே மல்லிகைப் பூவும் சந்தனமும்தான் எனக்கு நினைவுக்கு வருகின்றன, புகைக்குழாய் அல்ல. போதாக்குறைக்கு 'எரிபொருள் நுகர்வு' ஒன்பது எழுத்து.

மைலேஜ் என்றே வைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். பேச்சில் அது போகவும் போகாது, போகவும் வேண்டாம். ஆனால் மைலை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் அந்தச் சொல் மைலைச் சுமந்துகொண்டே திரிகிறது. அதுவும் 'கொடுக்கும்' கணக்குக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஏன் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது என்றும் கேட்கலாம். இரண்டும் இரண்டு விதமாக நடப்பதுதான் காரணம். ஒரு வண்டி நகரத்தில் நூறு கிலோமீட்டரை லிட்டருக்குப் பத்து வீதமும், நெடுஞ்சாலையில் இன்னொரு நூறை லிட்டருக்கு இருபது வீதமும் ஓடுகிறது. சராசரி பதினைந்து என்று சட்டென்று வாய் சொல்லும். ஆனால் ஊற்றியது 10 லிட்டரும் 5 லிட்டரும், ஆக 15 லிட்டருக்கு 200 கிலோமீட்டர். அதாவது 13.3தான். குடிக்கும் கணக்கில் 10, 5, சராசரி 7.5 என்று நேராக வரும். இன்னொன்று: லிட்டருக்கு 8 கொடுத்த பழைய வண்டியை விற்று 10 கொடுப்பதை வாங்கினால் நூறு கிலோமீட்டருக்கு இரண்டரை லிட்டர் மிச்சம். 20 கொடுத்ததை விற்று 25 கொடுப்பதை வாங்கினால் ஒரே ஒரு லிட்டர்தான். இரண்டாவதைத்தான் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவார்கள். நம் மாரிட்ஸ்பர்க் அண்ணன் தன் பாக்கியை மாற்றுவதாக இருந்தால் இந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே என் பரிந்துரை: லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்பது கொடையளவு, நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்பது குடியளவு.

மறு: மறு: மறு: புது வண்டியின் மைலேஜ், தமிழில்?
கோயம்புத்தூரிலிருந்து

> குடியளவு

மன்னிக்கவும் தம்பி. 'குடியளவு' என்றால் ராத்திரி ரோட்டில் போலீஸ்காரர் ஊதச் சொல்லும் கருவியில் வருவதுதான் எனக்குத் தோன்றுகிறது. பாடப்புத்தகத்தில் 'ஓட்டுநர் குடியளவைக் கவனிக்க வேண்டும்' என்று எழுதிப் பாருங்கள். கொடையளவு என்றால் கோயில் ரசீது. எண்ணம் நன்று, சொற்கள் வேண்டாம். கொடுப்பதற்குத் 'தருதொலைவு' என்று வினைத்தொகையாக வைக்கலாம். தந்த, தருகிற, தரும் தொலைவு என முக்காலத்துக்கும் பொருந்தும்.

மறு: மறு: மறு: மறு: புது வண்டியின் மைலேஜ், தமிழில்?
டர்பனிலிருந்து

ஐயா, தோற்றேன். குடியளவை மீட்டுக்கொள்கிறேன். 'தருதொலைவு' நான் எழுதியிருக்க வேண்டிய சொல். எடுத்துக்கொண்டேன்.

குடிப்பதற்கு நேற்று ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் காலை நெரிசலில் நின்றபோது ஒன்று தோன்றியது: எரிசெலவு. ஐந்தே எழுத்து. எரிபொருளை அறிந்த பிள்ளைக்கு விளக்கவே வேண்டாம். செலவு என்றால் குறைந்தால் நல்லது என்பது எட்டு வயதுக்கும் தெரியும், திசை அதிலேயே இருக்கிறது. இன்னொரு சங்கதியும் உண்டு. 'செலவு' என்பது 'செல்' என்பதிலிருந்து வந்தது. பழந்தமிழில் அதற்குப் பயணம் என்றே பொருள். பாலைத் திணையில் 'செலவழுங்கல்' என்று வரும். பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயணத்தைத் தள்ளிப்போடுவது. ஆக எரிசெலவில் காசும் இருக்கிறது, பயணமும் இருக்கிறது. (பெட்ரோல் விலை ஏறும் மாதங்களில் நானும் செலவழுங்கியிருக்கிறேன். இங்கே மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறும், செவ்வாய்க்கிழமை பங்கில் வரிசையைப் பார்த்தாலே ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும்.)

இனி அக்கா கேட்ட சீட்டுக்கு வருவோம். புது வண்டி வாங்குகிறவர் என்ன எதிர்பார்க்கலாம்? சீட்டில் உள்ள 5.6, திரையில் தெரியும் எண், என் கைக்கணக்கின் 7.5 என்று எரிசெலவே மூன்றாகப் பிரிகிறது. முதலாவதைச் சான்று எரிசெலவு எனலாம். மூன்றாவதற்கு 'உண்மை எரிசெலவு' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதினார். எனக்கு ஒப்பவில்லை. அப்படிச் சொன்னால் சீட்டில் இருப்பது பொய் என்றாகிவிடும். அது பொய்யில்லை, வேறு கேள்விக்கான விடை. வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி, எல்லா வண்டிக்கும் ஒரே வேக அட்டவணைப்படி ஓட்டி அளப்பது. இந்த வண்டியையும் அந்த வண்டியையும் ஒப்பிடத்தான் அது. பழைய ஐரோப்பியச் சோதனையான என்.இ.டி.சி. மொத்தமே 1,180 நொடி, ஏறத்தாழ 11 கிலோமீட்டர், ஏசி அணைத்த நிலையில். ஐரோப்பாவில் 2017 முதல் அதற்குப் பதிலாக வந்த டபிள்யூ.எல்.டி.பி. 1,800 நொடி, 23 கிலோமீட்டர், வேகம் 131 வரை போகும், அதனால் எண்ணும் சாலைக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். இந்தியாவின் சோதனை ஓட்டத்தில் உச்ச வேகம் 90தான். ஊர் விளம்பரத்துத் தருதொலைவையும் இங்கத்திய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

டர்பன் ஜனவரியில் ஏசி இல்லாமல் யார் ஓட்டுவார்கள்? பெரியா மேட்டில் ஏறி இறங்கி, ரோபோவுக்கு ரோபோ நின்று (ஊர்க்காரர்களுக்கு: இங்கே சிக்னல் விளக்குக்கு ரோபோ என்று பெயர்), எஞ்சின் சூடாகும் முன்னே கடை வாசலில் அணைத்துவிடும் ஓட்டத்துக்கு ஏழரை நியாயமான எண்தான். எனவே மூன்றாவது சாலை எரிசெலவு. திரையில் தெரிவது காட்டி எரிசெலவு. என் வண்டியில் அது கைக்கணக்கைவிட எப்போதும் அரை லிட்டர் குறைத்தே காட்டுகிறது. வண்டிக்கும் தற்பெருமை இருக்கும்போல.

லெனேசியா அக்கா ஜோகன்னஸ்பர்க் பக்கம் மேட்டுநிலத்தில் இருக்கிறார், ஆகவே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோகன்னஸ்பர்க் போனேன். போகும்போது 6.6, திரும்பும்போது 5.8. அதே வண்டி, அதே நாங்கள் மூன்று பேர். கடற்கரையிலிருந்து சுமார் 1,700 மீட்டர் ஏற வேண்டும். ஆளும் சாமானுமாக 1,300 கிலோவை அந்த உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 22 மெகாஜூல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுதாகச் சக்கரத்துக்குத் தருவதில்லை. ஆக ஏற்றத்துக்கு மட்டும் இரண்டே கால் லிட்டர் போல. 570 கிலோமீட்டரில் பரப்பினால் நூற்றுக்கு 0.4. இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். போகவர 0.8 வித்தியாசத்தில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிட்டது. வான் ரீனன் கணவாயில் பின்னால் வந்த லாரிக்காரர் ஒலிப்பான் அடித்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை.

சீட்டில் கார்பன் டை ஆக்சைடு என்று இன்னொரு எண் இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ வெளிவரும். ஆகவே எரிசெலவை 23-ஆல் பெருக்கினால் கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் என்று வந்துவிடும்: 5.6 என்றால் 129 போல. 2010 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு இங்கே கார்பன் வரி போடுவது இந்த எண்ணை வைத்துத்தான். பிள்ளைகளுக்கு நல்ல பெருக்கல் கணக்கு.

புது எஞ்சின் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் பழகும்வரை கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். அந்தக் காலத்துக்கு 'வெள்ளோட்டம்' என்று சொல்லலாமே என்பீர்கள். அது புதுத் தேரை முதல் தடவை இழுத்துப் பார்ப்பது, ஒரு நாள் வேலை. இது பல வாரம் நடப்பது. பழகு, ஓட்டம், சேர்த்தால் பழகோட்டம். ஐயா, இதுவும் வினைத்தொகை, மதிப்பெண் போடுங்கள்.

மறு: மறு: மறு: மறு: மறு: புது வண்டியின் மைலேஜ், தமிழில்?
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து

தம்பி, நீ சொன்ன மாதிரி 'டக்' கணக்கு போட்டேன். என் பாக்கியின் சாலை எரிசெலவு 13.8. தருதொலைவு 7.2. உன் மச்சானிடம் சொல்லாதே.

மறு: மறு: மறு: மறு: மறு: மறு: புது வண்டியின் மைலேஜ், தமிழில்?
லெனேசியாவிலிருந்து

பாடத்தில் எரிசெலவு, தருதொலைவு இரண்டையும் போட்டு, சீட்டின் படத்தையும் ஒட்டி வகுப்பில் கொடுத்தேன். எரிசெலவைக் கேட்காமலே புரிந்துகொண்டார்கள். தருதொலைவுக்கு மட்டும் 'தரு' என்றால் மரமா என்று ஒரு பெண் கேட்டாள். கோயம்புத்தூர் ஐயா, அவளுக்கு வினைத்தொகை சொல்லிக்கொடுக்க ஒரு சனிக்கிழமை போனது. பின்வரிசைப் பையன் ஒருவன் கேட்டதற்குத்தான் பதில் தெரியவில்லை: "எங்கள் மாமாவின் கரண்ட் காரில் எதுவுமே எரியவில்லையே, அதற்கும் எரிசெலவா?" அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.