சூழலா, உதிரா? – இடிஎன்ஏவுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

நீர், மண், காற்று என்று சூழலிலிருந்து எடுக்கும் மாதிரியில் கிடைக்கும் உயிரினங்களின் டிஎன்ஏவை ஆங்கிலத்தில் ‘என்விரான்மென்டல் டிஎன்ஏ’, சுருக்கமாக இடிஎன்ஏ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நம்மிடையே நடக்கும் பேச்சில், ‘சுற்றுச்சூழல் மரபணு’ என்று வந்த பரிந்துரையை முதலில் ஒதுக்கிவிடலாம். மரபணு என்றால் ஜீன். டிஎன்ஏ என்ற நீண்ட இழையில் அது ஒரு பகுதி. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் ‘மரபணு சோதனை’ என்றே எழுதி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன, நாமும் துணைபோக வேண்டாம். டிஎன்ஏவுக்குத் ‘தாயனை’ என்பது எனக்குப் பிடித்த சொல்தான். ஆனாலும் பாடநூலில் டிஎன்ஏ என்று படித்து வரும் பிள்ளைக்கு ஒரே தொடரில் இரண்டு புதுச் சொற்கள் சுமை. டிஎன்ஏ அப்படியே இருக்கட்டும். அதன் முன்னால் எதைப் போடுவது என்பதுதான் வழக்கு.

யாழ்ப்பாணத்து நண்பர் ‘சூழல் டிஎன்ஏ’ என்கிறார். சுருக்கம், சுற்றிவளைப்பில்லை. அதை என் அக்கா மகளிடம் சொல்லிப் பார்த்தேன். “சூழலுக்கு ஏது சித்தி டிஎன்ஏ?” என்றாள். கேள்வி நியாயம்தானே? அது தவளையின், மீனின் டிஎன்ஏ. சூழலில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் கொண்டை நியூட்டைத் தேடும் முறையைத் தன்னார்வலர்களுக்காகத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பதால்தான் இந்தச் சொல் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. நியூட் பல்லி போல வாலுள்ள நீர்நில உயிரி. அங்கே சட்டப் பாதுகாப்பு பெற்றது. அது வாழக்கூடிய குளத்தருகே கட்டடம் எழுப்புமுன் பொதுவாக ஆய்வு வேண்டும். முன்பெல்லாம் இரவில் டார்ச் அடித்தும், போத்தல் பொறி வைத்தும் தேடுவார்கள். 2014 முதல் குளத்து நீரையும் சான்றாக ஏற்கிறார்கள். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முடிய, குளத்தைச் சுற்றி 20 இடங்களில் அகப்பையால் முகந்து ஒரே பையில் ஊற்றிக் குலுக்கி, எத்தனால் உள்ள 6 குழாய்களில் 15 மி.லி. வீதம் பகிர்ந்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நியூட்டின் தோல், சளி, எச்சம் எதிலிருந்து வந்த டிஎன்ஏவாக இருந்தாலும் போதும்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். இந்த வேலையில் பயமே, சட்டியில் இல்லாதது அகப்பையில் வந்துவிடுமோ என்பதுதான். நேற்று வேறொரு குளத்தில் நனைந்த பூட்ஸோடு வந்தால், அந்தக் குளத்து நியூட் இந்தக் குளத்தில் ‘கிடைத்துவிடும்’. கையுறையும் குளத்துக்குக் குளம் புதிது. தண்ணீரில் இறங்கவும் கூடாது: அடிச்சேறு கலங்கினால் எப்போதோ உதிர்ந்து சேற்றில் தங்கியதெல்லாம் மேலே வரும்.

அதனால் என் வாக்கு ‘உதிர் டிஎன்ஏ’வுக்கு. ‘சூழல்’ கிடக்கும் இடத்தைச் சொல்கிறது, ‘உதிர்’ வந்த விதத்தைச் சொல்கிறது. பூட்ஸிலிருந்தும் உதிரும் என்று கேட்பவருக்குத் தானாகவே தோன்றும். கையுறை எதற்கு என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. இன்னொரு வசதி, இது வினைத்தொகை. உதிர்ந்த, உதிர்கின்ற, உதிரும் என மூன்றும் அடக்கம், காலம் வெளியே தெரியாது. குளத்து நீரும் அப்படித்தான். நேற்று உதிர்ந்ததா, சில நாள் முன்பு உதிர்ந்ததா என்று குழாயில் உள்ள நீர் சொல்வதில்லை.

‘தடய டிஎன்ஏ’வும் அழகுதான், ஆனால் தடய அறிவியல்காரர்கள் அந்த வீட்டில் ஏற்கெனவே குடியிருக்கிறார்கள். ‘நீர்வழி டிஎன்ஏ’ தாங்காது. கோபன்ஹேகன் விலங்குக் காட்சியகத்தில் காற்றை உறிஞ்சியே விலங்குகளை அடையாளம் கண்ட ஆய்வு 2022-இல் வெளிவந்துவிட்டது.

பேராசிரியர் ஐயாவின் மறுப்புக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் இல்லை. மண்ணை அள்ளினால் நுண்ணுயிர்கள் முழு உடலோடு வருகின்றன, எதுவும் உதிரவில்லை, அதையும் இடிஎன்ஏ என்றுதானே சொல்கிறோம் என்கிறார். சரிதான் ஐயா. அந்தப் பொதுப்பெயருக்குச் ‘சூழல் டிஎன்ஏ’வை விட்டுவிடுகிறேன். விலங்கைக் கண்ணால் காணாமல் தேடும் குளத்தோர வேலைக்கு ‘உதிர்’ இருக்கட்டும். ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே தமிழ்ச் சொல்தான் என்று யார் விதித்தது?

‘சேம்பிள்’ பற்றி ஒரு வரி. ‘மாதிரி’ என்றே எழுதுகிறேன். ‘இந்த மாதிரி மாதிரியை’ என்று வரும் இடங்களில் மட்டும் வாக்கியத்தை மாற்றிக்கொள்கிறேன்.

உங்கள் உதவி வேண்டியது வேறொன்றுக்கு. ஆறு, கடல் ஆய்வுகளில் சுத்தமான நீர் நிரப்பிய புட்டி ஒன்றைக் களத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து, மற்ற நீரைப் போலவே வடிகட்டி அனுப்புவார்கள். அதில் மீன் டிஎன்ஏ வந்தால் கோளாறு நம் கையில். ஆங்கிலத்தில் இதை ‘ஃபீல்ட் பிளாங்க்’ என்பார்கள். ‘வெற்று மாதிரி’ என்று எழுதினால் காலிப் புட்டியென்று நினைத்துவிடுகிறார்கள். இப்போதைக்குச் ‘சாட்சிப் புட்டி’ என்று போட்டிருக்கிறேன். நீதிமன்ற வாடை அடித்தால் சொல்லுங்கள்.