கேரல் பாட வர்ற பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கலாம்? 150 பேர், 500 ரூபாய்

குழித்துறைக்காரி:
டிசம்பர் 20ல இருந்து 24 வரை ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வரும். ரெண்டு சபை, ஒரு வாலிபர் சங்கம், அது போக தெருப் பிள்ளைங்க தனியா ஒரு கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு வேஷம் கட்டிக் கூட்டிட்டு வரும். எல்லாம் சேர்த்தா 150 பிள்ளைங்க. பெரியவங்களுக்குக் காப்பி, பெட்டியில போடுற காணிக்கை எல்லாம் தனிக் கணக்கு. பிள்ளைங்க கையில கொடுக்க மட்டும் 500 ரூபாய். ஒரு ரூபா மிட்டாய் தவிர வேற என்ன செய்யலாம்? முந்திரிக்கொத்து போட்டா கட்டுப்படியாகுமா?

தக்கலை_அடுக்களை:
ஆகாது அக்கா. ஒரு கிலோ சிறுபயறு, முக்கால் கிலோ சர்க்கரை (வெளியூர்க்காரங்க வாசிச்சா: நம்ம ஊர்ல சர்க்கரைன்னா வெல்லம், வெள்ளையா இருக்கிறது சீனி), ஒரு தேங்காய் போட்டா 25 கிராம் உருண்டை 80 தேறும். மூணு மூணா மாவுல முக்கிக் கொத்தாப் பொரிச்சா 26 பிள்ளைக்குத்தான் காணும். அது சொந்தக்காரங்களுக்கு இருக்கட்டும்.

கடலை மிட்டாய் போடுங்க. பச்சைக் கடலை 1 கிலோ, சர்க்கரை அரை கிலோ. கடலையை வறுத்து, தோல் நீக்கி, ரெண்டா உடைச்சுக்கோங்க, 900 கிராம் நிக்கும். சர்க்கரையை 100 மில்லி தண்ணியில கரைச்சு கட்டாயம் வடிகட்டணும், அடியில மண் இருக்கும். திரும்ப அடுப்புல வச்சு மிதமான தீயில காய்ச்சுங்க.

பாகுதான் எல்லாம். கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விடுங்க. முதல்ல கரையும், அப்புறம் விரல்ல மெத்துன்னு உருளும். நிறைய பேர் அங்கேயே இறக்கிடுவாங்க; மறுநாள் மிட்டாய் பல்லுல ஒட்டி இழுக்கும். அந்த உருண்டை இறுகி, தட்டுல போட்டா 'டண்'ணு சத்தம் கேக்கணும், ஒடிச்சா கண்ணாடி மாதிரி சடக்குன்னு முறியணும். அப்ப அடுப்பை அணைச்சிட்டு ஒரு சிட்டிகை சோடா உப்பு, ஏலக்காய், கடலை. ஒரு நிமிஷம் தாண்டி விட்டா கசக்கும், அதனால கடலையைக் கைக்கெட்டுற தூரத்துல வச்சுக்கிட்டே காய்ச்சுங்க. எண்ணெய் தடவின பலகையில கொட்டி, பூரிக் கட்டையால தேய்ச்சு, சூடு இருக்கும்போதே கத்தியால கோடு போட்டுடணும். ஆறினா வெட்ட முடியாது, தூளாகும்.

தலைக்கு 9 கிராம் வச்சா 140, 150 துண்டு வரும். இப்ப இங்க விக்கிற விலைக்கு, கேஸையும் சேர்த்து 250 ரூபாய் தாண்டாது.

பாறசாலை_ஆள்:
மேல சொன்ன பதம் சரி. ஆனா டிசம்பர்ல நம்ம பக்கம் மழைக்காத்து, அதையும் கணக்குல எடுங்க. மிட்டாய் முழுசா ஆறாம டப்பாவுல போட்டா உள்ளே ஆவி வேர்த்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஆறின அரை மணிக்குள்ள பட்டர் பேப்பர்ல துண்டு துண்டா முறுக்கி, இறுக்கமான எவர்சில்வர் டப்பாவுல போடுங்க. 19ஆம் தேதி செஞ்சா 24 வரை மொறுமொறுப்பு நிக்கும். பழைய பேப்பர்ல பொதிய வேண்டாம், மை ஒட்டும். பிளாஸ்டிக் கேரி பேக் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1ல இருந்தும், எங்க கேரளப் பக்கம் 2020 ஜனவரி 1ல இருந்தும் தடை. எல்லை தாண்டி வாங்கினாலும் பிரயோஜனம் இல்லை.

அமெரிக்கா மாதிரி ஊர்கள்ல ஹாலோவீன்னு அக்டோபர் 31 சாயங்காலம் பிள்ளைங்க வேஷம் கட்டி வீடு வீடா மிட்டாய் கேட்டு வரும். அங்க வீட்டுல செஞ்சதைப் பெத்தவங்க அனேகமா தின்ன விடமாட்டாங்க; கம்பெனி கவர் பிரியாம இருக்கணும். நம்ம தெருவுல அந்தச் சந்தேகம் கிடையாது. ஆனா கடலை ஒத்துக்காத பிள்ளை நாலஞ்சு கூட்டத்துல ஒண்ணாவது இருக்கலாம், கேட்டுட்டுக் கொடுங்க.

மேல்புறம்_செல்வி:
கைக்குழந்தைங்களையும் இடுப்புல வச்சுக் கூட்டிட்டு வருவாங்க. நாலு வயசுக்குக் கீழ கடலையும் கூடாது, கெட்டி மிட்டாயும் கூடாது, தொண்டையில அடைச்சிடும். அந்தப் பொடிசுகளுக்கு மட்டிப் பழம் (நம்ம ஊர்ச் சின்ன வாழைப்பழம்) போதும், விரல் நீளம்தான். பையில போட்டா நசுங்கும். உரிச்சு அம்மா கையில கொடுத்துடுங்க.

பாப்கார்ன் யோசிக்காதீங்க. கணக்குக்கு மலிவுதான், ஒரு கிலோ சோள மணி பொரிச்சா 150 பேருக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் வரும். ஆனா ஈரக்காத்துல அரை மணியில நமுத்துப் போயிடும், கூட்டம் எத்தனை மணிக்கு வரும்னு யாருக்குத் தெரியும்?

குழித்துறைக்காரி:
கடலை ஒத்துக்காதவங்களுக்குப் பொரி உருண்டை சரியா வருமா? மீதிக் காசுக்கு சுக்குக் காப்பியும் போடலாம்னு இருக்கேன்.

தக்கலை_அடுக்களை:
வரும். பொரி கால் கிலோ, சர்க்கரை 400 கிராம். எலுமிச்சை அளவுக்குப் பிடிச்சா 50 உருண்டை. பொரியை முதல்ல வெறும் சட்டியில சூடு காட்டுங்க, நமுத்த பொரி பாகைக் குடிச்சு சுருங்கிடும். பாகு இதுக்கு அவ்வளவு முறுகக் கூடாது, தண்ணியில போட்டா கெட்டியா உருண்டா போதும். கையில அரிசி மாவு தொட்டுக்கிட்டு சூட்டோட பிடிங்க. கடலைக்குப் போட்ட சட்டியையும் கரண்டியையும் இதுக்கு எடுக்காதீங்க.

சுக்குக் காப்பி 25 பேர் கூட்டத்துக்கு 3 லிட்டர் தண்ணி, கருப்பட்டி கால் கிலோ, தட்டின சுக்கு 15 கிராம், நல்லமிளகு ஒரு ஸ்பூன், துளசி ஒரு பிடி. பத்து நிமிஷம் கொதிச்சப்புறம் காப்பித்தூள் ரெண்டு ஸ்பூன் போட்டு உடனே மூடி இறக்கிடுங்க. கூடக் கொதிச்சா கசக்கும். பாட்டுப் பாடி அடைச்ச தொண்டைக்கு மிட்டாயை விட இதுதான் ஆகும். சின்னவங்களுக்கு மிளகு தூக்கலா இருக்கும், தண்ணி விட்டுக் கொடுங்க.

பாறசாலை_ஆள்:
கருப்பட்டியையும் கரைச்சு வடிகட்டுங்க. பேப்பர் கப்புக்கு உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருந்தா அதுவும் அந்தத் தடையில வரும். சபை அடுக்களையில எவர்சில்வர் டம்ளர் 30 கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, ஒரு கூட்டம் போனதும் கழுவி அடுத்த கூட்டத்துக்கு.