சோபியாவில் கடைசி ஆட்டம், மயிலாடுதுறையில் மின்வெட்டு

மயிலாடுதுறையிலிருந்து:

2010 மே 11, சாயங்காலம். ரயிலடிப் பக்கத்து பிரவுசிங் சென்டரில், காந்தம் பதித்த சின்னச் சதுரங்கப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உலகச் சதுரங்கப் பட்டத்துக்காக பல்கேரியாவின் டோபலோவுடன் விஸ்வநாதன் ஆனந்த் ஆடிய பன்னிரண்டாவது ஆட்டம். அதுவரை புள்ளிகள் ஐந்தரைக்கு ஐந்தரை. ஆனந்துக்குக் கருப்புக் காய். எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, பிராங்பர்ட்டிலிருந்து தரைவழியாகவே சோபியா போய்ச் சேர்ந்தவர். மூன்று நாள் அவகாசம் கேட்டதற்கு ஒரு நாள்தான் கொடுத்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரையில் வரும் ஒவ்வொரு நகர்த்தலையும் பலகையில் வைத்துப் பார்த்தேன். 31-வது நகர்த்தலில் ஆனந்த் சிப்பாயை இ4-க்குத் தள்ளினார். டோபலோவ் அதை வெட்டினார். வெட்டியதும் மூலைவிட்டம் திறந்துகொண்டது. கருப்பு ராணி பாய்ந்து வந்து செக் வைத்தது, பின்னால் பிஷப் துணை. வெள்ளை ராஜா எச்3-க்கு ஓடியது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது.

ஆட்டமே தெரியாத கடைக்காரர், "நம் ஊர்ப் பிள்ளை ஜெயிக்குமா தம்பி?" என்று இருட்டில் கேட்டார். ஜெயிக்கும் என்றேன். காய்கள் கலையாமல் பலகையை இரு கையிலும் ஏந்தியபடி வீட்டுக்கு நடந்தேன். இரவு செய்தியில்தான் முடிவு தெரிந்தது.

ஆனந்த் வளர்ந்தது சென்னையில், சொல்லிக்கொடுத்தது அம்மா சுசீலா. எங்கள் ஊரில் 1969-இல் பிறந்தார், அவ்வளவுதான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் நான் ஆட்டம் பழகினேன்.

நீடாமங்கலத்திலிருந்து:

எங்களுக்குப் பக்கத்தில்தான் பூவனூர். சதுரங்கம் ஆடி ராஜகுமாரியை ஜெயித்து மணந்தவர் என்று தலபுராணம் சொல்லும் சதுரங்க வல்லபநாதர் கோயில் அங்கே இருக்கிறது. அப்பர் பாடிய தலம். போட்டிக்குப் போகும்போதெல்லாம் மகளை அங்கே கூட்டிப்போவேன்.

2024 டிசம்பர் 12, ஆனந்தின் பிறந்தநாளுக்கு மறுநாள். சிங்கப்பூரில் பதினெட்டு வயது குகேஷ் டிங் லிரனை வென்று உலக சாம்பியன் ஆனான். ஆனந்த் வழிகாட்டிய பிள்ளை. செல்போனில் அவன் அழுவதைப் பார்த்து மகளும் அழுதாள். அந்த வாரமே பூவனூர் போனோம். சட்டைப் பையில் ஒரு கருப்புச் சிப்பாய் கொண்டுவந்திருந்தாள். பலகையின் எதிர்முனையை எட்டினால் ராணியாகிவிடும் காய்.

"ராணியைக் கொண்டுவந்திருக்கலாமே அம்மா?" என்றேன்.

"அது ஏற்கெனவே ராணிதானே அப்பா" என்று சொல்லி, சிப்பாயைச் சன்னிதிப் படியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.